மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தம் எத்தனை மணிக்கு?

சிஸ்டர் பதில்கள்

போன இதழில் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை பற்றி ஒருவருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: மற்ற மாத்திரையை எல்லாம் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கிறோம், சில மாத்திரைக்கு மட்டும் ஏன் விடாமல் ரத்தம் எடுக்கிறார்கள்? அதனால் இந்த இதழ் முழுக்க அதுதான். முட்டிவலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ராயபுரத்துக்காரி. 33 வருஷம் வார்டில் நின்று ஓய்வுபெற்ற நர்ஸ். டாக்டர் இல்லை. டோஸைக் கூட்டு, குறை என்று இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன். வீட்டில் எதைக் கவனிப்பது, டாக்டரிடம் எதை மறைக்காமல் சொல்வது, அவ்வளவுதான் என் வேலை.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகி:
“வீட்டுக்காரருக்கு 46 வயது. விசைப்படகில் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் இரும்பு வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் ஒரு மாதம் 1.6 வருகிறது, அடுத்த மாதம் 4.8 வருகிறது. டாக்டர் எங்களைத் திட்டுகிறார். நான் வீட்டில் கீரையே சமைப்பதில்லை. அவரும் மாத்திரையை விடுவதே இல்லை. எங்கே தப்பு சிஸ்டர்? புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, அதுக்கு ரத்தமே எடுக்க வேண்டாம் என்று என் தம்பி வேறு சொல்கிறான்.”

முதலில் தம்பியை முடித்துவிடுவோம். ரத்தம் எடுக்கத் தேவையில்லாத புது மாத்திரைகள் இருப்பது உண்மை. ஆனால் அவை உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆகாது. டாபிகாட்ரான் என்ற மாத்திரையை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக் கட்டியும் கூடியது, ரத்தக் கசிவும் கூடியது. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2013-ல் அந்த முடிவு வெளியானது. ஆகவே உங்கள் வீட்டுக்காரருக்கு அசிட்ரோம், இல்லாவிட்டால் வார்ஃபரின். இரண்டும் பங்காளிகள்தான், ஆனாலும் ஒன்று கிடைக்கவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் இன்னொன்றை வாங்கி வந்துவிடாதீர்கள். அளவு வேறு.

ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அவர் பக்கத்தில் படுத்தால் டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்குமே, அது வால்வு மூடுகிற சத்தம். நைட் டூட்டியில் கட்டில்களுக்கு நடுவே நடக்கும்போது நான் எத்தனையோ பேரிடம் அதைக் கேட்டிருக்கிறேன். வெளிப்பொருள் எதன்மேல் பட்டாலும் ரத்தம் உறையப் பார்க்கும். அந்த உறைவு வால்வில் சிக்கினால் வால்வு நிற்கும், மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் மாத்திரை. மாத்திரை சாப்பிடாத ஆளுக்கு ஐ.என்.ஆர். ஏறக்குறைய 1 இருக்கும். இரும்பு வால்வுக்காரர்களுக்கு, எந்த இடத்து வால்வு என்பதைப் பார்த்து, 2 முதல் 3, அல்லது 2.5 முதல் 3.5 என்று டாக்டர் ஒரு எல்லை போடுவார். 1.6 என்றால் உறையும் பயம், 4.8 என்றால் கசியும் பயம். இந்த இடுக்கில் ஆளை நிறுத்தி வைக்கத்தான் இத்தனை ஊசிக்குத்து.

கீரை விஷயத்தில் நீங்கள் பட்ட கஷ்டம் வீண். கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, மாத்திரை அந்த வைட்டமினுக்கு எதிராக வேலை செய்கிறது, அதுவரை சரி. அதற்காக கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். மாதக்கணக்கில் கீரையைக் காட்டாமல் வைத்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் நாலு நாள் தொடர்ந்து முருங்கைக்கீரை போட்டால்தான் எண் ஆடும்.

எனக்கு என்னவோ கீரை மேல் சந்தேகமே இல்லை. படகு மேல்தான். பத்து நாள் கடலில் தங்கி மீன் பிடிக்கிற ஆள் மாத்திரையை விடுவதே இல்லை என்கிறீர்கள். நீங்கள் கண்ணால் பார்ப்பது கரையில் இருக்கும் நாட்களைத்தானே அம்மா? ராத்திரி பகல் தெரியாமல் வலை இழுக்கிறவருக்கு, நேற்று போட்டோமா முந்தாநாள் போட்டோமா என்பது எப்படித் தெரியும்? இந்த மாத்திரையில் ஒரு மணி முன்னே பின்னே ஆவது பெரிய குற்றமில்லை, நாள் தவறுவதுதான் குற்றம். இன்று எடுத்த ஐ.என்.ஆர். இன்றைக்குச் சாப்பிட்ட மாத்திரையைக் காட்டாது, அதற்கு முந்தின சில நாட்களைக் காட்டும். அப்புறம், கரைக்கு வந்ததும் தவறவிட்டதைச் சேர்த்துப் போடுகிறாரா என்று கேளுங்கள். 1.6-உம் 4.8-உம் மாறி மாறி வருவதற்கு அது ஒன்றே போதும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், கரையேறியதும் ஒரு குவார்ட்டர், இவை எல்லாமும் இந்த மாத்திரையோடு சண்டை போடுபவை.

ஒன்று செய்யுங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் அவர் வீட்டில்தான் இருப்பார். அந்த நாட்களில் எடுத்த ரிப்போர்ட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்ற மாதத்து ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். தடைக்காலத்தில் எண் ஒழுங்காக நின்று, படகு கிளம்பியதும் ஆடுகிறது என்றால் டாக்டரிடம் அதை அப்படியே காட்டுங்கள். திட்டுவதை நிறுத்திவிட்டு அவரே வழி சொல்வார். போகிற நாட்களுக்குக் கிழமை போட்ட டப்பாவில் மாத்திரையை எண்ணிப் போட்டு, தண்ணீர் புகாத பையில் கட்டிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் டப்பாவை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.

மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, தலையில் அடிபட்டாலோ, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. தலையில் அடி என்றால் ரத்தம் வெளியே வராவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்:
“அண்ணன் பத்து வருஷமாக மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறார். மனசு அமைதியாக, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருக்கிறார். அதனால் ரத்தப் பரிசோதனையை ஒரு வருஷமாக விட்டுவிட்டோம். போன மாதம் பிரஷர் என்று வேறு ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடு, ஊறுகாய் எல்லாம் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இப்போது கை நடுங்குகிறது, வயிற்றால் போகிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. வெயில்தான் காரணமா?”

இந்தக் கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் பிரித்த அன்றே பேசிவிட்டேன், அன்றைக்கே கூட்டிக்கொண்டும் போய்விட்டார்கள். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

வெயில் பாதிக் காரணம். லித்தியம் என்பதும் ஒரு உப்புதான், சோறுக்குப் போடும் உப்புக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் கிட்னி, போகாதே என்று உப்பைப் பிடித்து வைக்கும். அதோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். அண்ணன் கருவாட்டை ஒரே நாளில் விட்டார், கத்திரி வெயிலில் வியர்வையாகக் கொட்டினார், பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரைப் பிரித்து விடுபவை, அதுவும் சேர்ந்தது. மூன்றும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன. சாப்பிடுகிற மாத்திரை அதேதான், ரத்தத்தில் அதன் அளவு மட்டும் ஏறிவிட்டது. பிரஷர் டாக்டரைக் குறை சொல்ல முடியாது, லித்தியம் சாப்பிடுவதை அவரிடம் சொன்னீர்களா என்பதுதான் என் கேள்வி.

லித்தியத்தின் அளவு பெரும்பாலும் 0.6-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கும்படி பார்ப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் விஷம். எவ்வளவு குறுகலான சந்து பாருங்கள். நன்றாக இருக்கிறவருக்கும் மூன்று மாதமோ ஆறு மாதமோ, டாக்டர் சொல்கிற கணக்கில் இதை எடுக்க வேண்டும், கூடவே கிட்னியும் தைராய்டும். ராத்திரி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரையை விழுங்காமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையையும் போட்டுவிட்டுப் போனால் எண் தப்பாக ஏறி நிற்கும், டாக்டர் அதை நம்பி டோஸைக் குறைப்பார், பழைய நோய் எட்டிப் பார்க்கும்.

எண் தப்பாக ஏறுவது பற்றி எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. அதுவரை எங்கள் வார்டில் காலி பெனிசிலின் பாட்டிலைக் கழுவி, அதில்தான் லேபுக்கு ரத்தம் அனுப்புவோம். 2006 வாக்கில் கலர் மூடி போட்ட டியூப்கள் வந்தன. ஊதா, நீலம், சிவப்பு, பச்சை என்று தட்டு நிறைய, தீபாவளி மத்தாப்பு மாதிரி. ஒரு நாள் லித்தியம் பார்க்கச் சொன்னார்கள். கைக்கு எட்டியது பச்சை. எடுத்து அனுப்பினேன். ரிசல்ட் 2-க்கு மேல் வந்தது. டாக்டர் ஓடி வந்தார், சலைன் போட்டோம், கிட்னி டாக்டருக்கு ஆள் போயிற்று. நோயாளியோ கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நடுக்கம் கிடுக்கம் ஒன்றும் இல்லை. லேபில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மெதுவாக மேலே ஏறி வந்து, “என்ன கலர் டியூப்மா அனுப்பினே?” என்று கேட்டார். பச்சை மூடி டியூபுக்குள் ரத்தம் உறையாமலிருக்கப் பூசியிருக்கிற மருந்தின் பெயரே லித்தியம் ஹெபாரின். நான் நோயாளியின் லித்தியத்தை அளக்கவில்லை, டியூபின் லித்தியத்தை அளந்திருக்கிறேன். மறுபடி சரியான டியூபில் எடுத்தபோது 0.8. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நர்ஸ் தங்கச்சி:
“தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நோயாளிக்கு வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தின் நாலாவது டோஸுக்கு முன்னால் ரத்தம் எடுக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். காலை 10 மணி டோஸ். நைட் சிஸ்டர் அவசரத்தில் 9.30-க்கே மருந்தைத் தொடங்கிவிட்டார். நான் வந்து பார்த்தபோது பாதி பாட்டில் போயிருந்தது. சீனியர், ‘இப்பவே எடு, 9.25 என்று எழுதிடு, யாருக்குத் தெரியப்போகுது’ என்றார். எழுதிவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.”

தூக்கம் வராதது நல்ல அறிகுறி தங்கச்சி. தூங்கியிருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

நீ செய்தது என்ன என்று பார்ப்போம். அந்த ரத்தம் எடுப்பதே, மருந்து வடிந்து வடிந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான். அதனால்தான் அடுத்த டோஸுக்குச் சற்று முன்னால், அரை மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். நீ எடுத்தது மருந்து உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போது. எண் எக்கச்சக்கமாக வந்திருக்கும். தாளில் 9.25 என்று இருப்பதால் அதைப் படிக்கிற டாக்டர், ஐயோ வடியவே இல்லை, கிட்னி போய்விட்டது என்று நினைத்து டோஸைக் குறைப்பார். கிருமி பிழைத்துக்கொள்ளும். மருந்து ஏறிக்கொண்டிருந்த கையிலேயே எடுத்தாயா, வேறு கையிலா என்று நீ எழுதவில்லை. அதே கை என்றால் கேட்கவே வேண்டாம்.

தவறான நேரத்தில் ரத்தம் எடுத்தது பெரிய தப்பே இல்லை. எல்லோருக்கும் நடக்கும். ‘மருந்து 9.30-க்குத் தொடங்கியது, ரத்தம் 10.05-க்கு எடுத்தது’ என்று உள்ளதை எழுதியிருந்தால், இந்த எண் வேண்டாம், அடுத்த டோஸுக்கு முன்னால் எடுங்கள் என்று டாக்டர் ஒரு வரியில் முடித்திருப்பார். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒரே டோஸுக்கு இரண்டு நேரத்தில் ரத்தம் எடுத்து, நாள் முழுக்க உடம்பு எவ்வளவு மருந்தைப் பார்த்தது என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு முழுவதும் நர்ஸ் எழுதுகிற மணியின் மேல்தான் நிற்கிறது. தப்பான நேரத்தில் எடுத்த ரத்தத்தை வைத்துக்கூட ஏதாவது செய்யலாம், பொய்யான நேரத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

நாளைக்கே அந்த டாக்டரிடம் போ. சீனியர் பெயரை இழுக்காதே. “நான் எழுதின நேரம் தப்பு, மருந்து ஓடும்போது எடுத்தது” என்று மட்டும் சொல். திட்டு விழும். கேட்டுக்கொள். கையோடு அந்த நோயாளியின் கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு போகிறது என்றும் பார்த்துக்கொண்டு போ, கேட்பார். நைட் சிஸ்டரிடமும் ஒரு வார்த்தை: அரை மணி முன்னால் தொடங்கியதைவிட, அவசரம் என்று வேகமாக ஓட விட்டாரா என்பதுதான் என் பயம். ஒரு கிராம் வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும். சீக்கிரம் விட்டால் முகமும் கழுத்தும் மிளகாய் அரைத்துப் பூசினது போலச் சிவந்து அரிப்பெடுக்கும்.

நீல மூடி டியூப் பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருக்கிறாய். ஐ.என்.ஆர். பார்க்கிற அந்த டியூபில் ஒரு பங்கு திரவம் ஏற்கெனவே இருக்கும், ஒன்பது பங்கு ரத்தம் சேர வேண்டும். கோடு வரை நிரம்பாவிட்டால் எண் கூடுதலாகக் காட்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று பாதி டியூப் அனுப்பாதே, திருப்பி அனுப்புகிற லேபைத் திட்டவும் திட்டாதே.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி:
“அம்மாவுக்கு 74 வயது. இதயம் வீக்கம். இதயத்துக்கு டிஜாக்சின், நீர் பிரிய லாசிக்ஸ் சாப்பிடுகிறார். போன மாதம் சோறு வேண்டாம் என்றார், குமட்டல் என்றார், டியூப்லைட்டைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்றார். கண்புரை என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போனோம். அவர்தான் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு இதய டாக்டரிடம் அனுப்பினார். டிஜாக்சின் கூடிவிட்டதாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். இனி எப்படிப் பார்த்துக்கொள்வது?”

அந்தக் கண் டாக்டருக்கு என் கும்பிடு. மஞ்சளாகத் தெரிவது இந்த மாத்திரையின் பழைய அடையாளம். நரிக்கையுறைச் செடி என்று ஒரு ஐரோப்பியச் செடி, அதிலிருந்து வந்த மருந்து இது. 1785-ல் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அந்தச் செடியைப் பற்றி எழுதியபோதே வாந்தி, பார்வை மாறுவது, நாடி குறைவது எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டார். இத்தனை வருஷம் ஆகியும் வீட்டில் முதலில் தெரிவது பசி போவதுதான். வயசானவர் சோறு வேண்டாம் என்றால் யார் கண்டுகொள்கிறார்கள்?

இப்போது செய்ய வேண்டியது. காலையில் மாத்திரை கொடுக்கும் முன், அம்மாவை உட்கார வைத்து மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள், இவர்களுக்கு நாடி தாறுமாறாகத் துடிக்கும், பெருக்கினால் தப்பும். 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள். டிஜாக்சின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், மாத்திரை சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ரத்தத்திலிருந்து அது சதைக்குள் போய் உட்கார அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அளவு சரியாகவே இருந்து, பொட்டாசியம் குறைந்திருந்தாலும் இந்த மருந்து விஷமாகும். லாசிக்ஸ் சிறுநீரோடு பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ரத்தம் எடுக்கும்போது பொட்டாசியமும் கிரியேட்டினினும் கட்டாயம் உண்டா என்று கேளுங்கள். அதற்காக நீங்களாக இளநீர், வாழைப்பழம் என்று அள்ளி ஊற்ற வேண்டாம், கிட்னி சுருங்கிய வயதில் பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்து.

நம் ஊர் டாக்டர்கள் பலர் டிஜாக்சினை வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு வேண்டாம் என்று எழுதுவார்கள். உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நாள் காட்டியில் குறித்துக்கொள்ளும்போது தினசரிக் காலண்டரில் எழுதாதீர்கள். என் நாத்தனார் அப்படித்தான் எழுதினாள், காலையில் பேரன் தாளைக் கிழித்துக் கப்பல் விட்டான். மாதக் காலண்டர் நல்லது.

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்:
“எனக்கு வலிப்பு. ஃபெனிடாயின் 300 மில்லிகிராம் சாப்பிட்டேன். ஒரு தடவை வலிப்பு வந்ததும் நானே ஒரு மாத்திரை கூட்டினேன். மூன்றில் ஒரு பங்குதானே. பத்து நாளில் குடித்தவன் மாதிரி தள்ளாட ஆரம்பித்தேன், தெருவில் அசிங்கமாகிவிட்டது.”

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடுகிறவர் ஒருத்தர்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு அளவு உண்டு. அதுவரை வரிசை ஒழுங்காக நகரும். அதற்கு மேல் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலும் வரிசை மெயின் ரோடு வரை போய்விடும். ஃபெனிடாயினுக்கு உங்கள் ஈரல்தான் அந்த பில் போடுகிறவர். மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பது மற்ற பல மருந்துக்குச் சரி, இதற்கு இல்லை, சில சமயம் இரண்டு மடங்குகூட ஆகும். 10-லிருந்து 20 வரை சரியான அளவு. 20-ஐத் தாண்டினால் கண் ஆடும், கால் தள்ளாடும். டாக்டர்கள் கூட்டும்போதும் கொஞ்சூண்டாகக் கூட்டி, மறுபடி ரத்தம் பார்ப்பது இதனால்தான். நீங்களாக நிறுத்தவும் கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும். பல் தேய்க்கும்போது ஈறு வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த மாத்திரை அதையும் செய்யும்.

ஓட்டேரியிலிருந்து ஒரு வாசகர்:
“காசநோய் மாத்திரை தொடங்கிய மறுநாளே சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகிறது. ஈரல் போய்விட்டது, மாத்திரையை நிறுத்து என்கிறார்கள்.”

யார் சொன்னது? ஆரஞ்சு கலர், காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் சாயம். வியர்வையும் கண்ணீரும்கூட அந்தக் கலரில் வரும். நிறுத்தாதீர்கள். காசநோய்க்காரர்களை வீட்டிலேயே வைத்து மாத்திரையால் குணமாக்கலாம், ஆஸ்பத்திரியில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வு அது. அந்த ஊரில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு மாத்திரையை விடுவதா?

ஆனால் ஈரலைக் கவனிக்க வேண்டியது உண்மை. வித்தியாசம் இதுதான்: சாயம் மட்டும் என்றால் உங்களுக்கு நன்றாகப் பசிக்கும். ஈரல் என்றால் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும், கண் வெள்ளை மஞ்சளாகும், சிறுநீர் கட்டங்காபி கலருக்குப் போகும். அப்படி ஆனால் அடுத்த டோஸைப் போடாமல் அன்றைக்கே போய் ஈரல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். எந்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அவர்கள் சொல்வார்கள். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அசிட்ரோமோ, வலிப்பு மாத்திரையோ, கருத்தடை மாத்திரையோ சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும், ரிஃபாம்பிசின் அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

எண்ணூரிலிருந்து ஒரு வாசகி:
“மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட். தினமும் சாப்பிட்டால் சீக்கிரம் குணமாகுமா?”

ஆகாது. உயிர் போகும். வாரத்துக்கு ஒரே நாள். அந்தக் கிழமையை அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கூடக் கொடுக்கிற ஃபோலிக் அமிலமும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைதான், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சு வாங்குதல் வந்தால் உடனே டாக்டர். ரத்த அணுக்கள், ஈரல், கிட்னி மூன்றுக்கும் அவர் சொல்லும் தேதியில் ரத்தம் கொடுங்கள். வலி குறைந்துவிட்டது என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்:
“இந்தப் பரிசோதனைக்கெல்லாம் வெறும் வயிற்றில் போகணுமா?”

சர்க்கரை, கொழுப்பு மாதிரிப் பரிசோதனைகளுக்குத்தான் அது. ஐ.என்.ஆருக்கோ மேலே சொன்ன மருந்து அளவுகளுக்கோ இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். தைராய்டு மாத்திரைக்காரர்கள் மட்டும் அன்று காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுங்கள், டோஸ் மாற்றியிருந்தால் ஆறு வாரம் கழித்து. ஸ்டான்லிக்குப் போனாலும் ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.

ராயபுரத்திலிருந்து ஒரு நர்சிங் மாணவி:
“உங்களைத் தெருவில் பார்த்திருக்கிறேன் ஆன்ட்டி. ரிட்டயர் ஆன பிறகும் நெஞ்சில் தலைகீழாக ஒரு வாட்ச் குத்தியிருக்கிறீர்கள். பல்ஸ் பார்க்க இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறதே?”

உனக்குத்தான் அது தலைகீழ், குனிந்து பார்க்கிற எனக்கு நேர். கையில் கட்டினால் ஒவ்வொரு தடவையும் கை கழுவும்போது அழுக்கு அதில் சேரும், அதனால்தான் நெஞ்சில். மகள் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் பீரோவில் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. தாறுமாறாகத் துடிக்கிற நாடியை அதில் பார்த்துவிட்டு, அதே சமயம் விரல் வைத்தும் எண்ணிப் பார், உனக்கே தெரியும். பக்கத்து வீட்டு ஆயாவும் டிஜாக்சின்தான். போன வாரம் ஒரு நாள் காலையில் போய் உட்கார்ந்து ஒரு நிமிஷம் எண்ணினேன். 72. “மாத்திரை போட்டாச்சா ஆயா?” என்றேன். “நீ எண்ணாம நான் எப்ப போட்டேன்?” என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.